ஒரு வரி கூடுதல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஏத்தங்காய் சிப்ஸ் கடையின் மாடியில் வாடகை அறை.
தேங்காயெண்ணெய் ஏறிய திரைச்சீலை,
இரண்டு கணினி, ஒரு இன்வெர்ட்டர், நான்.
குளச்சல் சங்கத்தின் பதினாறு வருடப் பேச்சை
விடிவதற்குள் வேறொரு வீட்டில் இறக்க வேண்டும்.

கரை சொன்னதைச் சங்க அறையில் தட்டிக் கடலுக்கு,
கடல் சொன்னதைக் கரைக்கு. பின்னாளில்
வீட்டுப் போனிலிருந்தும் நேராக.
இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு வரிகள்.
பெரும்பாலும் ஐஸ், டீசல், சூரை விலை.
கொஞ்சம் சண்டை.
"நீ ஆருட்ட கேட்டு கொச்சிக்கு போன?"
பதில் வந்தது கார்வாரிலிருந்து.

பழைய எழுத்துருவில் கொம்பு முதலில்,
எழுத்து அப்புறம். கை எழுதுகிற வரிசை.
புதியதில் எழுத்துக்குத்தான் முதல் இடம்;
கொம்பு பின்னால் வந்து முன்னால் நிற்க வேண்டும்.
மாற்றிப்போட நிரல் எழுதினேன். முதல் ஓட்டத்தில்
"பெண் பிறந்தாச்சு" என்ற வரியில்
கொம்பு தனியே நின்றது,
பக்கத்தில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்,
வலை போன பிறகும் கிடக்கும் மிதவை மாதிரி.
அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயதிருக்கும்.
திருத்தி மறுபடி ஓட்டினேன்.
பிறந்தாள்.

தேதி இல்லாத வரிகளெல்லாம்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்றில் போய் ஒதுங்கின.
எந்திரத்துக்கு அதுதான் உலகம் தொடங்கிய நாள்.
நானூற்று மூன்று பேர் அன்றைக்கே கரை பிடித்து,
அன்றைக்கே சோறு கேட்டு,
அன்றைக்கே "ஜிபிஎஸ் செத்துப் போச்சு" என்றிருக்கிறார்கள்.
முன் வரி பின் வரி பார்த்துத் தோராயமாகப் போட்டேன்.
காற்றின் பெயரைச் சொன்னவர்களுக்கு மட்டும்
மாதம் தெரிந்தது.

ஒப்பந்தத்தில் ஆறாவது விதி:
மூன்று வருடம் பேசாத எண்களை ஏற்ற வேண்டாம்.
எழுபத்திரண்டு எண்கள்.
படகு மாறியவர்கள், சவூதிக்குப் போனவர்கள்,
கருங்கல்லில் ஆட்டோ ஓட்டுகிறவர்,
பாஸ்வேர்டு மறந்து புது எண் வாங்கியவர்கள்.
செயலாளர் சிலுவைதாசன் போனில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.
ஐம்பத்தொன்றில் நின்றார்.
தண்ணீர் குடிக்கும் சத்தம்.
"ஒரே போட்டுல போன இந்த ஏழு பேரை
அப்படியே வச்சிரு தம்பி.
விதியை நான் பாத்துக்கிடுதேன்."

ஏழில் ஒருவர் ததேயுஸ்.
அவர் எண்ணுக்கு மாதம் ஒன்று, சிலசமயம் இரண்டு.
ரேஷன் கார்டு மாத்தியாச்சு.
இளையவன் பத்துல கணக்குல தோத்தான், திரும்ப எழுதுதான்.
மோட்டாரை வித்தாச்சு, நல்ல வெலை இல்ல.
அனுப்பியவர் மேபல்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்: காத்திருக்கிறது.

புதிய மென்பொருளில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.
சேர்ந்ததா? ஆம். இல்லை. இரண்டே பெட்டி.
ஆம் என்றால் பொய்.
இல்லை என்று போட எனக்கு யார் சொன்னது?
விற்ற கம்பெனிக்கு எழுதி மூன்றாவது பெட்டி கேட்டிருந்தேன்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.
வெறுமையாக விட்டேன்.
அது வாங்கிக்கொண்டது, ஒன்றும் கேட்கவில்லை.

நாலு பத்துக்கு எண்ணினேன்.
புதியதில் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தெட்டு,
பழையதில் நாற்பத்தொன்பது.
இரவு பத்துக்கே பூட்டியிருக்க வேண்டிய வாசல், மறந்திருக்கிறேன்.
இரண்டு முப்பத்தாறுக்கு, மேபல்:
"இங்க நல்ல மழை. கரண்டு போச்சு.
ஓட்டு மேல தார்ப்பாய் போட்டாச்சு."

ஜன்னலைத் திறந்தால் இங்கேயும் ரோடு நனைந்திருந்தது.
இன்வெர்ட்டர் பச்சையிலிருந்து சிவப்புக்கு எப்போது மாறியதோ.

ஒற்றை வரிக்கு நிரல் எதற்கு.
கையாலேயே அடித்தேன்,
எழுத்து முதலில், கொம்பு அப்புறம்.