மிச்சத்துக்கு ரொபி

பஸ்ஸில் பதினான்கு வருஷம்.
மிச்சக் காசு கேட்டு என்னோடு சண்டை பிடிக்காத ஆள்
கல்முனைப் பாதையில் இல்லை.
அவ்வளவு ஏச்சும் வாங்கிப் பழகிய நான்
செட்டிபாளையத்தில், மூன்றாம் ஆண்டு வகுப்பின்
குட்டிக் கதிரையில்
முழங்கால் நாடியில் முட்ட இருந்துகொண்டு
வாய் திறக்கப் பயந்தேன்.

சொல்ல வந்தது இரண்டு விஷயம்.

ஒன்று, பிறந்தநாள்.
முதலில் ரொபிதான் கொடுத்தார்கள்.
மறுகா சொக்லேட். மறுகா பெயர் எழுதின கேக்.
போன மாதம், பென்சிலும் பலூனும் போட்டுக் கட்டிய பை
நாற்பத்தொரு பேருக்கும்.
கேதுஷா ஆனியில் பிறந்தவள்.
"மார்கழி லீவிலதான் என்ட பிறந்தநாள்" என்று
ரீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.
யாரும் சொல்லிக் கொடுக்காத பொய்.
எட்டு வயதில் என் சம்பளத்தை
எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

மற்றது, படம்.
வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடமும்
யன்னலைச் சாத்தி, மடிக்கணினியில்.
அதில் ஒருவனை மழைக்குள் வைத்து
வாளால்
மகள் சொல்லி முடிக்கவில்லை.
அன்றிலிருந்து எங்கள் குசினி லைற்
விடியுமட்டும் எரிகிறது.
"மழையெண்டா கடைசி பஸ்ஸில போகாதீங்க அப்பா"
என்கிறாள். கடைசி பஸ் என்னுடையது.

சொன்னேன். டிக்கட் கிழிக்கிற வேகத்தில் சொன்னேன்.
பின்னால் ஒரு சிரிப்பு.
"என்னகா, ஒரு ரொபிக்கா இந்தப் பாடு?"
"புள்ளையள் சந்தோசமா இருக்கட்டுமே."
"நாங்க பாக்காத படமா?"

புனிதமலர் ரீச்சர் சிரிக்கவில்லை.
"வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்புக்கு ஆளில்ல.
எழுவத்தெட்டுப் புள்ளையள், நான் ஒருத்தி.
கணினி என்ட மகன்ட. அதுக்குள்ள கிடந்த படம்.
நான் முழுக்கப் பாக்கல்ல. அது பிழைதான்."
கொப்பியில் எதையோ எழுதினா. நிமிர்ந்தா.
"வாற வெள்ளி உங்களுக்கு லீவா?"

நான் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு.
சில்லறை இல்லாத நாளில்
தோல்பைக்குள் ரொபிப் பக்கற் வைத்திருப்பேன்.
ஐந்து ரூபா கேட்கிற பிள்ளையின் கையில்
ஒன்றை வைத்தால்
தாய்க்காரி பேசாமல் இறங்கிப் போவாள்.

வெள்ளிக்கிழமை.
யன்னல்களைத் திறந்துவிட்டேன்.
எழுபத்தெட்டுப் பேரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.
"அங்கிள், என்ன கொண்டுவந்தீங்க?"
தோல்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒன்றும் விழவில்லை.
ஒரு முகம் சுருங்கியது, பிறகு பத்து.
வேறு வழி தெரியாமல்
"கதிரையை ரெண்டு ரெண்டாப் போடுங்க" என்றேன்,
"நடுவில ஆள் போக வழி விடுங்க."
கொப்பித் தாளைக் கிழித்து டிக்கட்.
புளியங்கொட்டை காசு.

கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை.
கல்லாற்றுப் பாலத்தில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள்,
இரண்டு கதிரை விழுந்தது.
களுவாஞ்சிகுடியில் ஒருவன்
இறங்க மாட்டேன் என்று அழுதான்.
கேதுஷா கடைசிக் கதிரையில்,
அப்பாவைத் தெரியாத பிரயாணி மாதிரி
வெளியே பார்த்துக்கொண்டு.

கிரான்குளத்தில் மணி அடித்துவிட்டது.

புத்தகப்பையைத் தோளில் போட்டபடி
ஒரு சின்னவன் என் சேட்டைப் பிடித்தான்.
"அங்கிள், மிச்சம்?"
பாதையைக் கேட்கிறானா
புளியங்கொட்டையைக் கேட்கிறானா, விளங்கவில்லை.
சுவரில் பிறந்தநாள் அட்டவணை.
அடுத்த கேக், செவ்வாய்.
வாற வெள்ளி எனக்கு லீவில்லை என்று சொல்ல
அவன் இன்னும் கையை மடக்கவில்லை.