எடுத்த படம்

பாலிநகரில் பின்னேரம் மூன்று மணிக்கு
ஒரு கோழிக்கூட்டைக் கையளித்தோம்.
கையளித்தோம் என்றால்,
இரண்டு நாளுக்கு முன்பே லாண்ட்மாஸ்டரில் வந்து இறங்கி
கோழிகளும் குடிபுகுந்துவிட்ட கூட்டை
சிவப்பு ரிபன் கட்டி
மறுபடியும் கொடுத்தோம்.
அறிக்கைக்குப் படம் வேணும்.

"அக்கா, கொஞ்சம் இஞ்சால. கையைக் கூட்டில வையுங்கோ.
சிரிக்க வேண்டாம். இல்லை, கொஞ்சம் சிரியுங்கோ."
தவலோகினி அக்கா சொன்னபடி
சிரித்தும் சிரிக்காமலும் நின்றா.
உடுப்பு மாத்திக்கொண்டு வரட்டோ என்று கேட்டவ.
நேரமில்லை என்றேன்.
வான்காரர் ஹோர்ன் அடித்தபடி.

மாங்குளம் வந்ததும் சிக்னல் வந்தது.
நிறுவனத்தின் பக்கத்தில் ஒன்று போட்டேன்.
அது வேலை.
என் பக்கத்தில் ஒன்று,
"மனம் நிறைந்த நாள்" என்று எழுதி
கும்பிடும் கை இரண்டும் வைத்து.
அது என்னவென்று
இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

முட்டை போட்ட கோழி கொக்கரிக்கும்.
கூடு போட்ட நாங்கள்
அதைவிடக் கொக்கரித்தோம்.

இரவுக்குள் நூற்றி எழுபது லைக்.
பணிப்பாளர் இதயம் போட்டார்.
ரொறன்ரோவில் ஒருவர்
"ஐயோ பாவம் இந்தச் சனம்" என்று தொடங்கி
வங்கிக் கணக்கிலக்கம் கேட்டார்.
லாச்சப்பலில் ஒருவர்
"இவ இன்னாற்ற மனிசியெல்லோ" என்றார்.
அதற்குக் கீழே ஒரு பதில், பதிலுக்குக் கீழே
வேலியில்லா வளவுக்குள் மாடு புகுந்தமாதிரி ஆட்கள்.
நான் எல்லாருக்கும் நன்றி எழுதிக்கொண்டிருந்தேன்,
வாசிக்காமலே.

மூன்றாம் நாள் காலை
அலுவலக வட்சப் குழுவில்
ரோசாப்பூக்கள் வந்து விழுந்துகொண்டிருந்த நேரம்
அவ எடுத்தா.
"தங்கச்சி, கோழி போடத் தொடங்கிட்டுது. நாலு முட்டை."
சந்தோசம் அக்கா என்றேன்.
"அந்தப் படத்தை எடுத்துவிடுமன்."

மகள் பள்ளிக்கூடம் போகவில்லையாம்.
வகுப்பில் யாரோ
கொக் கொக் என்றதாம்.

படம் எடுத்ததும் நான்.
எடுக்க வேண்டியதும் நான்.
ஒரே சொல்தான்.

எடுத்தேன். ஒரு அழுத்தில் போனது.
போனதோ?
அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில்
அவ இன்னும் நிற்கிறா.
பணிப்பாளருக்கு எழுதினேன்.
இரவு பதினொன்றுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.
மேல்நோக்கித்தான்.
படமும் அங்கேயேதான்.

கிளிநொச்சியில்
ஒவ்வொரு படத்தை மடியில் வைத்துக்கொண்டு
வருசக்கணக்காய்த் தெருவோரம் இருக்கும் தாய்மாரைக்
கடந்துதான் நான் வேலைக்குப் போறது.
ஒரு படம் என்ன பாரம் என்று
தெரியாதென்று நான் சொல்லேலாது.

மன்னிப்பை ஒரு போஸ்ட்டாய்ப் போட நினைத்தேன்.
எழுதியும் விட்டேன், நல்லாய்த்தான் இருந்தது.
அதுவும் கொக்கரிப்பு என்று பட
அழித்துவிட்டு
ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன்.
அவ தேத்தண்ணி தந்தா.
மன்னிப்பைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.
கூட்டுக் கதவின் கொளுக்கி சரியில்லை,
இரவில் கீரி வருது என்றா.
போய்ப் பார்த்தேன். உண்மைதான்.
நூற்றி எழுபது பேர் பார்த்த படத்தில்
அந்தக் கொளுக்கியை ஒருவரும் காணவில்லை.
நானும்தான்.

ஐந்து மாதம் கழித்து
முகநூலில் ஒரு புதுப் பக்கம்:
லோகினி நாட்டுக்கோழி முட்டை, மல்லாவி.
பச்சைச் சேலை கட்டி
கூட்டுக்கு முன்னால் அவ.
முழுதாய்ச் சிரித்தபடி.
மகள் எடுத்த படமாம்.

பிறகு உள்பெட்டியில் ஒரு செய்தி:
"தங்கச்சி, கூடு தந்தது நீங்களெண்டு போடட்டோ?
உம்மட பேரையும் போடலாமோ?
விருப்பமில்லையெண்டாலும் சொல்லும்.
யோசிச்சுச் சொல்லும்.
அவசரமில்லை."