மணிக்கொரு சொட்டு

கிராஞ்சி விடுதி, நான்காம் மாடி,
பன்னிரண்டு கட்டில்.
பூக்காத உடம்பு எங்களில் இல்லை.
எனக்கு இடுப்பில், பெல்ட் இறுகும் இடத்தில்
வட்டமாய் ஒரு படர்தாமரை.
மொக்லேஸுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்.
சேறு மிதித்தவன் இல்லை அவன்,
பூட்ஸுக்குள் பத்து மணி நேரம்
தன் வேர்வையிலேயே ஊறுகிறவன்.
யார் வைத்த பெயரோ,
ஒரு சொறிக்குப் போய்த் தாமரை என்று.

மருதைக்கு மட்டும் கண்ணில் வந்தது.

லிம் சூ காங் சாலையோரம் புல் வெட்டுகையில்
பாதுகாப்புக் கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டதாம்.
நெற்றிக்கு ஏற்றினான், ஒரே நிமிஷம்.
தெறித்தது ஒரு புல்துணுக்கு.
கசக்கிவிட்டு
மீதிச் சாலையையும் வெட்டி முடித்துத்தான் லாரி ஏறினான்.

மறுநாள் சிவந்தது.
மெட்ராஸ் ஐ என்றோம் நாங்கள்.
'சோக் உட்டேசே' என்றான் மொக்லேஸ்.
அவன் பாஷையில், கண் உதித்துவிட்டது.
அன்றிலிருந்து மருதையின் முகம் பார்த்து
யாரும் பேசவில்லை,
பார்த்தால் ஒட்டுமாம்.
அவன் துண்டு தனிக்கொடிக்குப் போனது.
தேக்காவில் ஐந்து வெள்ளிக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினான்,
படுத்தும் கழற்றவில்லை.

போனில் அவன் மனைவி சொன்னாள்:
தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா குளுந்துரும்.
அறையே சிரித்தது.
அவனும் சிரித்தான், நீர் வழிய வழிய.

என் பெட்டியில் ஒரு சொட்டு மருந்து இருந்தது,
போன வருஷம் அரியலூர்க் கடையில்
கேட்டதும் எடுத்துக் கொடுத்தது.
நான்தான் விட்டேன்.
இரண்டே நாளில் சிவப்பு வெளுத்தது.
கைராசிக்காரன்டா நீ என்றான்.
அந்த வாரம் முழுக்க
கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்,
சொல்லக் கூசுகிறது.

எட்டாம் நாள் கருவிழியில்
அரைச் சோற்றுப்பருக்கை அளவு வெள்ளை.

நொவீனாவில் மருத்துவர்
அதை ஊசிமுனையால் சுரண்டித் தகட்டில் தேய்த்தார்.
மொழிபெயர்க்க நான் பக்கத்தில்.
பூஞ்சை, என்றார், புல்லில் வந்தது.
நடுவில் ஏதோ மருந்து விட்டிருக்கிறீர்கள்,
சிவப்பை அடக்கிவிட்டு
பூஞ்சைக்குப் பாய் விரித்திருக்கிறது அது.
யார் கொடுத்தது?

கேள்வியைத் தமிழில் சொன்னேன்,
ஒரு சொல் விடாமல்.
'நானே வாங்குனேன்னு சொல்லு' என்றான் மருதை,
என் பக்கம் திரும்பாமல்.
அதையும் மொழிபெயர்த்தேன்.

மணிக்கொரு சொட்டு. இரவிலும்.
குப்பியைக் குலுக்கிவிட்டு விட வேண்டும்.
குலுக்கினேன்.
பாலாய் இருந்தது மருந்து.
யாரும் சிரிக்கவில்லை இந்தத் தடவை.

பன்னிரண்டு வரை நான்,
ஒன்றும் இரண்டும் மொக்லேஸ்,
பிறகு மறுபடி நான் என்று பேச்சு.
அவன் முறையிலும் விழித்தே கிடந்தேன்.
போன் அதிரும்.
கை கழுவும் தண்ணீர்ச் சத்தம்.
மேல்கட்டில் குறட்டை ஒரு நொடி நின்று தொடரும்.
கீழிமையை இழுக்கும்போது
தூக்கத்திலேயே முகத்தை நிமிர்த்துவான் மருதை,
வாயும் கொஞ்சம் திறந்துகொள்ளும்.

நாற்பது நாளில் பூஞ்சை அடங்கியது.
வெள்ளை அங்கேயே தங்கிவிட்டது.

கடைசிப் பரிசோதனையில்
நல்ல கண்ணை மூடச் சொல்லி
மருத்துவர் விரல் காட்டினார்.
வெகுநேரம் பார்த்து
மூன்று என்றான்.
அவர் பேசாமல் எழுதிக்கொண்டார்.

பீஷானைத் தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு வந்தது.
ஓரமெல்லாம் புல்,
யாரோ இன்றைக்குத்தான் வெட்டியிருக்க வேண்டும்.
அதைப் பார்த்தபடியே கேட்டான்,
'சரியாத்தானே எண்ணுனேன்?'

இரண்டு விரல் அது.

சரிதான் என்றேன்,
இடுப்பைச் சொறிந்துகொண்டு.