மான் தின்னாத தோட்டம்

முதல் வருடம் செவ்வரத்தை நட்டேன்.
கோட்டைப் பக்கமிருந்து இரவில் இறங்கி
பஸ் நிலையத்துக் குப்பையை மேய்ந்து முடித்து
எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பிய மான்கள்
விடியுமுன் அதை ஈர்க்காக்கிவிட்டுப் போயின.
கீரை போட்டேன். ரோசா வைத்தேன்.
பொலித்தீன் தின்று பழகிய வாய்களுக்கு
என் வளவு கலியாண வீடு.

அடிக்க மனமில்லை.
மனம் வந்தாலும் சட்டமில்லை.

"அலரி வையுங்கோ அக்கா" என்றான்
மீற்றர் வாசிக்க வந்த நிரோசன்.
"அதுகளுக்கு விளங்கும்."

அலரிக் கதியால் மூன்று
ரயில்வே குவாட்டர்சில் கேட்டு வாங்கினேன்,
ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய்க்கு.
எருக்கலை தானாக வந்தது, வாய்க்கால் ஓரம்,
வாடகை பேசாமல்.
கிண்ணியாவிலிருந்து றிஸ்மியா டீச்சர்
ஊமத்தை விதையை உறையிலிட்டு அனுப்பினா.
மேலே சிவப்புப் பேனையால்: சமையலுக்கல்ல.

கன்னியா வீதி அகலிக்கும்போது
புல்டோசர் புரட்டிய மண்ணில்
கலப்பை போல் வளைந்த கிழங்கொன்று கிடந்தது.
கடதாசியில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்து,
பிள்ளைக்குப் போல் வெயில் மறைத்துக் கொண்டுவந்தேன்.

இனி முறைப்படி இருக்கட்டும் என்று
பிரதேச செயலகத்துக்கு எழுதினேன்:
கீழ்க்காணும் நச்சுச் செடிகளை
வீட்டில் வளர்க்க அனுமதி வேண்டுமா?
கவுண்டரில் இருந்தவர் இரண்டு தரம் வாசித்தார்.
"கஞ்சா இருக்கா?"
"இல்லை."
"அப்ப ஏன் கேட்கிறீங்கள்?"

பதிலுக்குப் பதில், என் கடிதத்திலேயே
திகதி முத்திரை குத்தித் தந்தார்.
அதைப் பொலித்தீன் உறையிலிட்டு
வேலியில் ஆணியடித்தேன்.
பக்கத்தில் பலகை, மூன்று மொழியில்: நஞ்சு. தொடாதே.
ஒழுங்கைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல்
உள்ளே இன்னொரு கம்பி வலை.
கையுறை கழுவவென்று தனி வாளி.

மான்கள் வந்தன, முகர்ந்தன,
கணக்காய்வாளர் போல் ஒவ்வொன்றாய்ப் பார்த்து
எதிர்வீட்டுக்குப் போயின.

மழை பிடித்தது. கார்த்திகை.
கிழங்கு விழித்து, இலை நுனியெல்லாம் விரலாக்கி
வேலியைப் பற்றி ஏறி நின்று பூத்தது.
காலையில் மஞ்சள், மறுநாள் நெருப்பு.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஹேமசிறி வந்தார்.
பலகையைச் சிங்களத்தில் வாசித்தார்.
அலரியைத் தாண்டினார். ஊமத்தையைத் தாண்டினார்.
உயிரெடுக்கும் எதுவும் அவரை நிறுத்தவில்லை.

"இது ஏன்?"
"மான் தின்னாது, ஐயா."
"இது ஏன், இந்த மாதத்தில்?"
"அது அதன் மாதம்."

கடிதத்தைக் காட்டினேன்.
முத்திரையைப் பார்க்கவில்லை, பூவைப் படமெடுத்தார்.
போகும்போது குரல் தாழ்த்தி,
"வீதிக்குத் தெரியாமல் வையுங்க, நோனா.
எனக்கும் மேலே ஆள் இருக்கு."

அன்று பின்னேரமே தோண்டினேன்.
கொடி கையில் துவண்டது.
கிழங்கைக் கிணற்றுக்குப் பின்னால் புதைத்தேன்.
வேலியில் ஓராள் அகலத்துக்கு
வெறும் கம்பி.

விடிய, அந்த இடைவெளிக்குக் கீழே குளம்படிகள்.
உள்வலைக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு
ஒரு புள்ளிமான் அவசரமில்லாமல் மென்றது,
என் கடிதத்தை,
உறையோடும் முத்திரையோடும்.

ஆணி மட்டும் மிச்சம்.
தை பிறக்கக் கொடியும் காய்ந்துபோனது.
எந்த இடம் என்று அடையாளம் வைக்கவில்லை.