மூட்டையின் பின்பக்கம்

மூன்று டாலர் மிச்சம் பிடித்த முகத்தோடு
வந்து இறங்கினான் வெர்லின்.
ஏப்ரல் ஆகியும் டிரக்கின் கூரையில் அழுக்குப் பனி.
கொட்டகை வாசலில் மூட்டையைப் போட்டுவிட்டு
'கோழித் தீவனம்தானே,
கோழிதானே தின்னப்போகிறது' என்றான்.

மூட்டையின் முகப்பில் சிவப்புக் கொண்டைக்காரி ஒருத்தி,
வாட்டசாட்டமாக, புல்வெளியில்.
நான் மூட்டையைப் புரட்டிப் போட்டேன்.
பின்பக்கம் படிப்பது எனக்குப் பிழைப்பு.
மினசோட்டாவின் இந்த மூலையில்
வாரத்தில் நான்கு இரவு
டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிறவள்.
ஹார்லன் நைகார்டிடம்
பாலாடைக்கட்டிக்குக் கணக்குக் கேட்டுக் கேட்டு
என்னைக் கண்டதும் அவர்
ரொட்டியின் இரண்டு பக்கத்தையும் விரித்துக் காட்டுவார்,
ஒன்றுமில்லை பார் என்று.

சுண்ணாம்புச் சத்து: நூற்றுக்கு நான்கு.
முட்டையிடுகிறவளுக்கு அது ஓடு.
ஐந்து நாள் குஞ்சுக்கு
அது உள்ளே தங்கும் கல்.
அதன் சிறுநீரகம் எவ்வளவு பெரிதாக இருந்துவிடும்?
ஒரு பயறு?
பயறில் பாதி?
அந்த அளவுக்கு எங்களிடம் ஊசி இல்லை.

இதையெல்லாம் வெர்லினிடம் சொல்லவில்லை.
'பெரிய கோழிகளுக்கு ஆகும்' என்று ஓரமாகத் தள்ளிவிட்டு
சாவியை வாங்கிக்கொண்டேன்.

தீவனக் கடையில் டார்லா
தலை நிமிராமலே கேட்டாள்:
மருந்து கலந்ததா, கலக்காததா?
குஞ்சுப் பெட்டியோடு தபாலில் வந்த சீட்டு
கோட்டுப் பையில் கசங்கிக் கிடந்தது.
தடுப்பு மருந்து முன்பே கொடுத்தாயிற்று என்றது சீட்டு.
அப்படியானால் கலக்காதது.
கோழிக் குஞ்சுக்குப் புரதம் இருபது.
வான்கோழிக் குஞ்சுக்கு இருபத்தெட்டு.
'எட்டுதானே வித்தியாசம்' என்று
வெர்லின் சொல்லியிருப்பான்.
அந்த எட்டு இல்லாவிட்டால்
கால் முதலில் மடங்கும்.

ஒன்பது வான்கோழிக் குஞ்சுகள் வந்தன.
காலையில் எட்டு.
செத்ததன் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்,
வெறும் தோல்.
அதன் அலகுக்கு ஒரு விரல் தள்ளித்
தட்டு நிறையத் தீவனம்.

எண் சரி. மூட்டை சரி.
தின்னத் தெரியவில்லை.

கண்ணாடிக் கோலிக்குண்டுகளைத் தட்டில் போட்டேன்,
மினுக்கைக் கண்டு கொத்துமாம்.
எட்டும் கழுத்தை நீட்டி
ஏதோ பெரிய யோசனையில் நின்றன.
பொறுமை போய்விட்டது.
அடுத்த பெட்டியிலிருந்து
ஒரு கோழிக் குஞ்சைத் தூக்கி நடுவில் விட்டேன்.

விடக் கூடாது.
கோழி சுமந்தும் சாகாத நோய் ஒன்று
வான்கோழியின் ஈரலைப் பொத்தல் போடும்.
அதுவும் படித்ததுதான்.
மூட்டைக்குப் பின்பக்கம் படிக்கிறவள்,
தெரிந்தே செய்தேன்.

அந்தப் பொடிசுக்கு எந்தக் கவலையும் இல்லை.
தட்டில் ஏறி நின்றது,
டக் டக் டக்,
கோலிக்குண்டைக் கொத்திற்று, கோபித்தது,
மறுபடி தீவனம்.
ஒரு நீளக் கழுத்து குனிந்தது.
அப்புறம் இன்னொன்று.

ராத்திரி வேலைக்குக் கிளம்புகையில் வெர்லின்
விளக்கடியில் குந்தி எண்ணிக்கொண்டிருந்தான்.
அவன் வாங்கிவந்த மூட்டையின் மீது
கரிக்கட்டையால் எழுதியிருந்தது: பெரிசுகளுக்கு.
புதிய இரண்டின் மீதும் எண்கள்,
இருபத்தெட்டு மட்டும்
இரண்டு முறை அடிக்கோடிட்டு.
நான் எதுவும் கேட்கவில்லை.

'அந்த மஞ்சள் பயல்' என்றான்,
'எப்போது திருப்பி விடுவது?'

'நாளைக்கு.'

'அவன் இதைத் தின்று பழகிவிட்டானே.'

ஹார்லன் அன்று ரொட்டியை விரித்துக் காட்டியபோது
நடுவில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி இருந்தது.
மெல்லியதுதான்.
எடுக்கச் சொன்னேன்.
எடுத்து, முகர்ந்து,
குப்பைக் கூடைக்கு மேலே
ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.