பதினான்காவது ஸ்லைடு

நூற்றைம்பது வெள்ளி, மதியச் சாப்பாடு தனி.
ஞாயிறு கிளினிக் அடைப்பு, அதனால் ஒப்புக்கொண்டேன்.
பல்கலைக்கழக வேன் லங்காப் பட்டணத்துக்குள் நுழையும்போது
எண்ணெய் ஆலை தன் புளித்த மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.
இறங்கியவர்கள் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள்.
எங்களுக்கு அது வாசனைக் கணக்கிலேயே வராது.

டேவான் தரையில் பூப்பந்துக் கோடுகள்.
வலை கட்டும் கம்பங்களுக்கு அந்தப் பக்கம்
மூன்று முனைவர்கள், ஒரு புரொஜெக்டர்.
இந்தப் பக்கம் அறுபது நாற்காலி,
அறுபது காதுக்கருவி,
அவற்றுக்குள் நான்.

முதல் சொல்லிலேயே சறுக்கினேன்.
"மீள்திறன்" என்றேன். ஒரு தலையும் ஆடவில்லை.
"தாங்குற சக்தி" என்றேன்.
மருந்தடிக்கும் தவமலர் கையைத் தூக்காமலே கேட்டாள்:
"எத்தனை நாளைக்குன்னு கேளும்மா."
ஆய்வு எத்தனை நாளைக்கு என்று நான் மலாயில் கேட்டுவிட்டேன்.
மூன்று ஆண்டு, என்றார் டாக்டர் ஹஸ்லினா, மகிழ்ச்சியாக.
"மூணு வருசம் தாங்கணுமாம்"
பின்வரிசை சிரித்து அடங்கியது.
தவமலர் சிரிக்கவில்லை.
தவறு என்னுடையது; திருத்துவதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.

கேள்வித்தாள்.
ஒன்றிலிருந்து ஐந்துவரை, வெப்பம் எவ்வளவு கூடியிருக்கிறது?
குலை வெட்டும் லோகநாதன் எண் சொல்லவில்லை.
"முன்னே ஏழு மணிக்குத்தான் இறங்குவோம்.
இப்ப விடியுமுன்னேயே, தலையில லைட்டு கட்டிக்கிட்டு.
பத்து மணிக்கு மேல கொக்கியைத் தூக்கினா
மரம் ரெண்டாத் தெரியுது.
எந்த மரத்துல வெட்டுறது?"
சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன்.
டேப்லட் வைத்திருந்த மாணவி
கொஞ்சம் யோசித்து நான்கைத் தொட்டாள்.
ஏன் ஐந்தில்லை என்று லோகநாதன் என்னைப் பார்த்தார்.
ரெண்டாத் தெரியும் மரத்தில்
ஒன்றைக் கழித்திருப்பாள்.

பிறகு பதினான்காவது ஸ்லைடு.
உலகப் படம். கடலோரங்களிலிருந்து கிளம்பும் மக்கள்,
ஆளுக்குப் பதில் சிவப்பு அம்புகள்.
வங்காள விரிகுடாவில் புறப்பட்ட ஓர் அம்பு
பாதிக் கடலில் நின்றிருந்தது.
அதற்கு மேல் தரவு இல்லை, என்றார்கள்.

காற்றாடி சுவிட்சுக்குக் கீழே ஜொய்னால் நின்றிருந்தான்.
நாற்காலி அடுக்க மண்டோர் அனுப்பியவன்.
போலா தீவுக்காரன்; லோகநாதன் கட்டில்
அடுத்த நிரை அவனுடையது.
குடிமக்கள் மட்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்ததால்
அவனிடம் யாரும் தாள் நீட்டவில்லை.
அம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்து
தனக்குத்தானே மலாயில் சொன்னான்.
முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.
பழக்கதோஷம், வாய் திறந்துவிட்டது:
"அது என் வீடு."

அறுபது காதுக்குள் ஒரே நேரத்தில்.
எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.
தவமலர் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.
காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு
பாசார் மலாயில் அவனையே கேட்டாள்:
ஆறு எத்தனை தடவை எடுத்தது?
நான்கு விரல் காட்டினான்.
அவள் இரண்டு காட்டினாள்.
தோட்டம் துண்டு போட்டு விற்றபோது ஒரு முறை,
தாமான் கட்ட லயத்தை இடித்தபோது ஒரு முறை.
மைக் முனகியது. யாரோ நன்றியுரை தொடங்கினார்கள்.
அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்,
கட்டு எடை, சம்பளப் பிடித்தம், தண்ணீர்ப்போத்தல்,
எதற்கும் நான் தேவைப்படவில்லை.

ஐந்து மணிக்குப் பையன்கள் மட்டையோடு வந்துவிட்டார்கள்.
திரையைச் சுருட்ட வேன்காரருக்கு நேரமில்லை.
ஜொய்னால் வலையின் ஒரு முனையைக் கட்டினான்.
நான் கருவிகளை எண்ணினேன்: ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
முதல் அடியிலேயே பந்து உயர எழும்பி
வெற்றுத் திரையில் பட்டு விழுந்தது,
கடல் இருந்த இடத்தில்.