ஒன்றரை

ஆறு மாதம் ஒலுவிலில் வகுப்பு,
ஆறு மாதம் சம்மாந்துறையில் நெல் ஆலை.
கடிதத்தில் இருப்பது: கொடுப்பனவுடன் கைத்தொழில் பயிற்சி.
உம்மா ஊருக்குச் சொல்வது: வேலை.
ஆலையில் என் பெயர்: கெம்பஸ் புள்ள.
சம்பளப் புத்தகத்தில் மஸ்ஹூதா
மசூதா ஆகியிருந்தாள்.
திருத்தச் சொல்லவில்லை,
பதினெண்ணாயிரம் சரியாக இருந்தது.

எனக்கு வாசலில் வேலை.
லான்ட்மாஸ்டர் வந்து நிற்கும்.
மூடைக்குள் குத்தூசியை இறக்கி
ஒரு கைப்பிடி நெல் எடுத்து
மீற்றரின் வாயில் போடுவேன்.
"என்ன புள்ள காட்டுது?"
"பதினாறரை, காக்கா."
பதினாலுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும்
மூடைக்கு ஒரு கிலோ கழிவு.
தார் வீதியில் மூன்று நாள் காயப்போட்டவர்
வானத்தைப் பார்ப்பார்,
மீற்றரைப் பார்ப்பதில்லை.
இலக்கத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

தினக்குறிப்பேட்டில் மூன்று நிரல்:
செய்த வேலை,
இன்று கற்றது,
மேற்பார்வையாளர் கையொப்பம்.
முதல் இரண்டு கிழமையும் நடு நிரலில்
உமிக்கும் தவிட்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுதினேன்.
அது உம்மாவுக்கே தெரியும்.

பெரும்போகம் குவிந்த ஒரு வெள்ளி மாலை
ஷொப்பிங் பேக்கில் முடிந்த ஐந்து மாதிரி
மடியில்.
காரைதீவுச் சந்தியில் பஸ் மாறி
கெம்பஸ் ஆய்வுகூட அடுப்பில் வைத்தேன்.
நூற்று முப்பது பாகை, பத்தொன்பது மணித்தியாலம்.
சனி மத்தியானம் தராசு.
ஈரம் போன நெல் பொய் சொல்லாது
என்று எழுதி, அழித்தேன்.
அறிக்கைக்கு அழகு தேவையில்லை.
ஐந்திலும் ஒரே விடை:
மீற்றர் ஒன்றரை கூட்டிக் காட்டுகிறது.

திங்கள் காலை
மல்வத்தை வேலாயுதபிள்ளை, முப்பத்திரண்டு மூடை.
"என்ன காட்டுது?"
"பதினைந்தரை" என்றேன்.
காட்டியது அதுதான்.
அவர் கேட்டதும் அதைத்தான்.
நாற்பத்தெட்டு கிலோவைக் கழித்து
துண்டை அவர் கையில் கொடுத்தபோது
"நல்லாப் படி புள்ள" என்றார்.

இரவு கணக்குப் போட்டேன்.
கிலோ நூற்றிருபது ரூபாய் என்றால்
என் சம்பளம் நூற்றைம்பது கிலோ நெல்.
மூடைக்கு ஒன்றரை வீதம்
நூறு மூடை.
ளுஹர் பாங்குக்கு முன்னமே
வாசலில் வந்து சேரும் நூறு மூடை.

நடு நிரலில் எழுதினேன்:
ஈரமானி ஒன்றரை வீதம் கூடுதலாகக் காட்டுகிறது,
அளவுதிருத்தம் தேவை.

மெனேஜர் ஜவ்பர்கான்
வெள்ளிக்கிழமைகளில் ஏழு பக்கத்தையும்
வாசிக்காமல் ஒப்பமிடுகிறவர்.
அன்று வாசித்தார்.
பேனையை மூடினார்.
"இது சோதினைக்கு வருமா?"
"புள்ளி இருக்கு சேர்."
"கெம்பஸுக்குப் போகுமா?"
"போகும்."
தேத்தண்ணி வந்தது. எனக்கும் ஒன்று.
கொப்பி மேசையிலேயே கிடந்தது.

அடுத்த திங்கள் மீற்றரைக் காணவில்லை.
திருத்தக் கொழும்புக்குப் போயிருக்குதாம்.
வாசலில் மெனேஜர்,
வாயில் ஒரு நெல்.
கடித்தார், கண்ணை மூடினார்.
"பதினைஞ்சரை. எழுதுங்க புள்ள."

எழுதினேன்.
துண்டு கிழித்துக் கொடுத்த கையால்
அதே மூடையில் ஒரு பிடி அள்ளி
ஷொப்பிங் பேக்கில் போட்டு முடிந்தேன்.
வெள்ளிக்குள் இன்னும் நாலு வேண்டும்.